போர் நடக்குற ஊர்ல ஆளைக் காணோம், சிங்கப்பூர்ல இருந்து எப்படித் தேடுறது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

2009 ஏப்ரல்ல, இலங்கையில போர் முடியுற நேரம், என் வீட்டுக்காரரோட சித்தி மகன் அங்க புதுமாத்தளன்ல இருந்து ஒரு தடவை பேசினான், யாரோட போனோ தெரியாது, ஒரு நிமிஷம் கூட இருக்காது, "அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ"ன்னான், லைன் போயிடுச்சு. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்ல. நாங்க தேடினதுல பாதி தப்பாத் தேடினோம். அந்த தப்பு எல்லாம் தெரிஞ்சதால தேக்காவுல, கோயில்ல, ஆபிஸ்லன்னு யாராவது ஒருத்தர் வந்து "அக்கா, உங்களுக்கு இது தெரியுமாமே"ன்னு கேக்குறாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க மட்டும் இல்ல, ரஷ்யாவுக்குப் போன தம்பியைத் தேடுற ஊர்க்காரப் பையன், மியன்மார்ல இருக்குற அப்பாவைத் தேடுற பக்கத்து வீட்டு ஹெல்ப்பர்னு எல்லாரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை ஒரே இடத்துல எழுதிட்டேன்.

ரெண்டு நாளா போன் எடுக்கல. இப்பவே பயப்படணுமா, எத்தனை நாள் பொறுக்குறது?

பயப்படுறது வேற, வேலையை ஆரம்பிக்கிறது வேற. போர் நடக்குற இடத்துல போன் எடுக்காததுக்கு நூறு காரணம் இருக்கும், கரண்ட் இல்ல, டவர் விழுந்துடுச்சு, செக்பாயிண்ட்ல போனைப் புடுங்கிட்டாங்க, இல்ல நெட்டையே நிறுத்திட்டாங்க, மியன்மார்ல 2021 பிப்ரவரிக்கு அப்புறம் அடிக்கடி நடக்குறது இது. அதனால சாவுன்னு உடனே நினைக்காதீங்க. ஆனா எழுத ஆரம்பிக்கிறதுக்கு பொறுக்க வேண்டாம், இன்னிக்கு ராத்திரியே ஒரு நோட்டு எடுங்க.

நோட்டுல என்ன எழுதணும்னா: கடைசியா பேசினது எந்த தேதி, சிங்கப்பூர் டைம் எத்தனை மணி, எந்த நம்பர்ல இருந்து வந்துச்சு, என்ன சொன்னாரு (அவர் சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க, நீங்க புரிஞ்சிக்கிட்டதை இல்ல), எந்த ஊர்ல இருந்தாரு, கூட யாரு இருந்தாங்க, பின்னாடி என்ன சத்தம் கேட்டுச்சு. எங்க வீட்டுல இதை எழுதல. ஆறு மாசம் கழிச்சு ஃபாரம்ல "கடைசியா தொடர்பு கொண்ட தேதி"ன்னு இருந்துச்சு, நான் 17ன்னேன், வீட்டுக்காரர் 20ன்னாரு, மாமியார் புத்தாண்டுக்கு முன்னாடின்னாங்க. அந்த ஏப்ரல்ல அங்க ஒவ்வொரு நாளும் எல்லை நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு, மூணு நாள் வித்தியாசம்னா ஆள் எந்தப் பக்கம் இருந்தான்னே மாறிடும்.

வாட்ஸ்அப் சாட் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வேற ஒரு இடத்துல சேவ் பண்ணி வைங்க. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் சும்மா இருந்தா அழிஞ்சுடும், கூகுள் கணக்கு ரெண்டு வருஷம் யாரும் திறக்கலன்னா அதையும் எடுத்துடலாம். பாஸ்வேர்ட் வீட்டுல யாருக்காவது தெரிஞ்சா அப்பப்ப உள்ள போயிட்டு வாங்க, அதுல மேப்ல கடைசியா எங்க இருந்தாருன்னு கூட இருக்கலாம்.

முதல்ல எங்க சொல்லணும்? சிங்கப்பூர் போலீஸ்லயா?

காணாம போனவர் எந்த நாட்டு பாஸ்போர்ட்டுங்கிறதைப் பொறுத்தது, நீங்க எங்க இருக்கீங்கங்கிறதைப் பொறுத்தது இல்ல. இதுல தான் நிறைய பேர் ஒரு வாரத்தை வீணாக்குறாங்க.

அவர் சிங்கப்பூரர்னா வெளியுறவு அமைச்சுக்கு போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் ஆள் இருப்பாங்க. அவர் போறதுக்கு முன்னாடி இ-ரெஜிஸ்டர் (வெளிநாட்டுப் பயணத்தை அமைச்சுல ஆன்லைன்ல பதியுறது) பண்ணியிருந்தா இன்னும் சுலபம். எல்லா நாட்டுலயும் நம்ம தூதரகம் கிடையாது, அப்போ பக்கத்து நாட்டுல இருக்குறவங்க தான் பாப்பாங்க, அதனால பதில் மெதுவா வந்தா அலட்சியம்னு எடுத்துக்காதீங்க.

இந்தியர்னா, இங்க இருக்குற இந்தியத் தூதரகத்து வாசல்ல போய் நிக்கிறதை விட அந்தப் போர் நடக்குற நாட்டுல இருக்குற இந்தியத் தூதரகத்துக்கு நேரா மெயில் போடுங்க, அதோட இந்திய வெளியுறவுத் துறையோட மதத் (MADAD) போர்ட்டல்ல புகார் பதிஞ்சு நம்பர் வாங்கி வைங்க. ஊர்ல இருக்குறவங்க கலெக்டர்கிட்ட ஒரு மனுவும், தமிழ்நாட்டு அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒரு மனுவும் குடுக்கட்டும். எல்லாத்துலயும் ஒரே தேதி, ஒரே ஸ்பெல்லிங் இருக்கணும், அவ்வளவு தான்.

இலங்கையர்னாலும் இதே கணக்கு. அகதியா போனவர், இல்ல பேப்பரே இல்லாதவர்னா தூதரகத்தை விட்டுட்டு அடுத்த கேள்விக்கு வாங்க. தன் சொந்த அரசாங்கத்துக்கே பயந்து ஓடினவரைப் பத்தி அதே அரசாங்கத்து ஆபிஸ்ல போய் விவரம் குடுக்காதீங்க. பக்கத்து வீட்டு ஹெல்ப்பர்கிட்ட நான் முதல்ல சொன்னது இதைத் தான்.

ரெட் கிராஸ் தேடிக் குடுக்கும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை தான், ஆனா துப்பறியுற கம்பெனி மாதிரி நினைச்சுக்கிட்டு போகாதீங்க. சிங்கப்பூர் ரெட் கிராஸ்ல குடும்பத் தொடர்பை மறுபடி ஏற்படுத்திக் குடுக்குற சேவைன்னு ஒண்ணு இருக்கு. நீங்க இங்க ஃபாரம் குடுத்தா அது ஜெனிவாவுல இருக்குற சர்வதேச செஞ்சிலுவைக் குழுவோட தேடல் பிரிவுக்கும், அந்த நாட்டுல வேலை செய்யுறவங்களுக்கும் போகும். அவங்க முகாம், ஆஸ்பத்திரி, சிறைன்னு எங்க போக விடுறாங்களோ அங்க போய் கேப்பாங்க. காசு கிடையாது. ஒர்க் பர்மிட்ல இருக்குறவங்களும் கேக்கலாம், நீங்க எந்த நாட்டுக்காரர்ங்கிறது பிரச்சனையே இல்ல.

எதுக்கு உதவாதுன்னா, பழைய ஸ்கூல் நண்பனைத் தேடுறதுக்கு, கடன் வாங்கிட்டு போனவனைப் புடிக்கிறதுக்கு எல்லாம் இது இல்ல. போர், கலவரம், பேரிடர்ல பிரிஞ்ச சொந்தக்காரங்களுக்கு மட்டும். இன்னொண்ணு, ஆள் உயிரோட கிடைச்சாலும் அவர் சரின்னு சொன்னா தான் முகவரியை உங்களுக்குக் குடுப்பாங்க. "எங்க பையனையே எங்களுக்கு காட்ட மாட்டேங்குறீங்களா"ன்னு சண்டை போட்டவங்களை நான் பாத்திருக்கேன், ஆனா யோசிச்சுப் பாருங்க, அப்படி ஒரு விதி இல்லன்னா தேடி வர்ற எதிரியும் "நான் அண்ணன்"னு சொல்லி ஃபாரம் நிரப்பிடுவான்.

ஆள் இருக்குற இடம் தெரிஞ்சு போன் மட்டும் இல்லன்னா ரெட் கிராஸ் கடிதம்னு ஒண்ணு அனுப்பலாம். ஒட்டாத கடிதம், வழியில அதிகாரிங்க படிப்பாங்க, அதனால வீட்டு விஷயம் மட்டும் எழுதணும், யாருக்கு குழந்தை பொறந்துச்சு, அம்மாவுக்கு கண் ஆபரேஷன் ஆச்சு, இப்படி. அரசியல், ராணுவம், எந்த ஊரை யாரு புடிச்சாங்க, எதுவும் கூடாது.

பதில் எப்போ வரும்? மாசக்கணக்கு, சில நேரம் வருஷக்கணக்கு. "இன்னும் தெரியல"ங்கிறதும் ஒரு பதில் தான், ஃபைல் மூடிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. வீடு மாறினா, போன் நம்பர் மாறினா அவங்ககிட்ட சொல்லிடுங்க.

ஃபாரம்ல பேரை எப்படி எழுதுறது? இதுல என்ன பெரிய விஷயம்?

இது தான்பா பெரிய விஷயமே. நம்ம பேர் வெளிநாட்டு லிஸ்ட்ல தொலையுற மாதிரி வேற எவர் பேரும் தொலையாது. முதல்ல, நமக்கு குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேரு முன்னாடி வருமா பின்னாடி வருமான்னு ஒவ்வொரு நாட்டுக்காரனும் ஒவ்வொரு மாதிரி எழுதுவான், கடைசியில அப்பா பேர்ல மகன் படுத்திருப்பான் ஆஸ்பத்திரியில. ரெண்டாவது ஸ்பெல்லிங். தயாளன்னு ஒரு பேரை எடுத்துக்கோங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க டிஹெச் (Th) போட்டு ஆரம்பிப்பாங்க, ஊர்க்காரங்க டி (D) போடுவாங்க, சிங்கள அதிகாரி கேட்டு எழுதினா இன்னொரு மாதிரி, ரஷ்ய எழுத்துக்குப் போய் திரும்ப இங்கிலீஷுக்கு வந்தா அவங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது.

அதனால ஃபாரம்ல பாஸ்போர்ட்ல இருக்குற பேரை எழுதிட்டு கீழயே சொல்லக்கூடிய எல்லா ஸ்பெல்லிங்கையும் எழுதுங்க, அப்பா பேர், அம்மா பேர், வீட்டுல கூப்புடுற பேர், இயக்கத்துப் பேர் (புலிகள் இயக்கத்துல வச்ச பேர்) இருந்தா அதையும். தமிழ்லயும் ஒரு தடவை எழுதுங்க. பொறந்த தேதி சரியாத் தெரியலன்னா தெரிஞ்ச வருஷத்தைப் போடுங்க, சும்மா ஜனவரி 1ன்னு போடாதீங்க.

அடையாளம்னு கேக்குற இடத்துல "மாநிறம், நடுத்தர உயரம்"னு எழுதுறதுல பிரயோஜனம் இல்ல, நம்ம ஆளுங்க பாதிப் பேரு மாநிறம் தான். எந்தப் பல்லு இல்ல, எந்தக் கை சின்ன வயசுல ஒடிஞ்சுது, அப்பெண்டிக்ஸ் தழும்பு இருக்கா, கடைசியா என்ன சட்டை போட்டிருந்தாரு, கயிறு கட்டியிருந்தாரா, செருப்பு என்ன சைஸ். எழுதும்போது வயித்தைப் பிசையும், தெரியும். 2025ல யாழ்ப்பாணம் செம்மணியில மனிதப் புதைகுழியைத் தோண்டினப்போ 200க்கு மேல எலும்புக்கூடு கிடைச்சுது, அதுல ஒரு குழந்தையோட பக்கத்துல நீலக் கலர் ஸ்கூல் பை, பொம்மை. அந்தப் பொருளை எல்லாம் சனங்க பாத்து அடையாளம் சொல்லட்டும்னு வெளியில வச்சாங்க. பை என்ன கலர்னு ஞாபகம் இருக்குற வீடு தான் அங்க போய் பதில் சொல்ல முடியும்.

எங்க எல்லாம் கேக்கணும்னே தெரியல, நாடு பூரா பெருசா இருக்கே?

நாட்டைத் தேடாதீங்க, பாதையைத் தேடுங்க. அந்த ஊர்ல இருந்து சனங்க எந்த வழியா வெளியேறினாங்க, காயம் பட்டவங்களை எங்க கொண்டு போனாங்க, அது மட்டும் போதும். எங்க கதையில அது இப்படி: புதுமாத்தளன்ல இருந்து காயப்பட்டவங்களை செஞ்சிலுவை கப்பல்ல ஏத்தி திருகோணமலைக்கும் அப்புறம் புல்மோட்டைக்கும் கொண்டு போனாங்க, புல்மோட்டையில இந்திய டாக்டர்கள் ஆஸ்பத்திரி போட்டிருந்தாங்க. நடந்து வந்தவங்களை செட்டிகுளம் மெனிக் ஃபார்ம் முகாமுக்கு, அங்க ரெண்டு லட்சத்துக்கு மேல சனங்களை அடைச்சு வச்சிருந்தாங்க. சரணடைஞ்சவங்க வட்டுவாகல் பாலத்துப் பக்கம், அதுக்கப்புறம் புனர்வாழ்வு முகாம்னு 11,000 பேருக்கு மேல. இந்த மூணு வழி தான். நாங்க இது தெரியாம கொழும்புல இருக்குற ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணுக்கும் போன் பண்ணிக்கிட்டு இருந்தோம்.

பாதை தெரிஞ்சா அடுத்தது அதே பாதையில வந்த ஆளைப் புடிக்கணும். "என் தம்பியைப் பாத்தீங்களா"ன்னு கேட்டா பாவம் பாத்து "பாத்த மாதிரி இருக்கு"ன்னு சொல்லிடுவாங்க, நம்ம மனசு அதைப் புடிச்சுக்கிட்டு பத்து வருஷம் தொங்கும். அப்படிக் கேக்காதீங்க. "நீங்க எந்தத் தேதியில வந்தீங்க, கூட யார் யார் வந்தாங்க, எந்த இடத்துல பிரிச்சாங்க"ன்னு அவங்க கதையைக் கேளுங்க, பேரை நீங்க முதல்ல சொல்லாதீங்க. அவங்களே சொன்னா தான் அது சாட்சி. கண்ணால பாத்ததா, யாரோ சொல்லக் கேட்டதான்னு நோட்டுல தனியாக் குறிச்சு வைங்க.

பேஸ்புக், டிக்டாக்ல போட்டோ போடலாமா?

ஆள் சாதாரணக் குடிமகன், எந்தப் பக்கமும் சேராதவர், பொதுவான இடத்துல தொலைஞ்சாருன்னா போடலாம். புடிபட்டிருக்கலாம், ஒளிஞ்சிருக்கலாம், இல்ல சண்டையில இருந்தவர்னு சந்தேகம் இருந்தா போடாதீங்க. நீங்க அன்பா எழுதுற "என் அண்ணன் பயங்கர தைரியசாலி, யாருக்கும் பணிய மாட்டான்"ங்கிறது விசாரணை அறையில வேற மாதிரி படிக்கப்படும். போடுறதா இருந்தாலும் உங்க முகவரி, பாஸ்போர்ட் நம்பர், வீட்டு ஆளுங்க பேரு எதுவும் வேண்டாம். அவர் உடம்புல இருக்குற ஒரு அடையாளத்தை மட்டும் வெளியில சொல்லாம வைங்க, ஏன்னு அடுத்த பதில்ல இருக்கு.

ஒருத்தர் போன் பண்ணி "ஆள் என்கிட்ட இருக்காரு, 3,000 வெள்ளி அனுப்புங்க"ங்குறாரு. அனுப்பலாமா?

வேண்டாம். எங்ககிட்ட ஒருத்தன் வாங்கினான், வவுனியாவுல இருந்து பேசுறேன்னான், முகாம்ல ஆள் இருக்கு, வெளியில எடுக்கலாம்னான். ரெண்டு தடவை அனுப்பினோம். மாமியார் தாலிக்கொடியை வச்சு அனுப்பினது அது. மூணாவது தடவை நான் "அவன் இடது கையில என்ன இருக்கு"ன்னு கேட்டேன், "பச்சை குத்தியிருக்கு"ன்னான். பச்சை எல்லாம் இல்ல, ஒரு விரல் நுனி இல்ல. அதோட போன் வைச்சவன் தான்.

அதனால வெளியில யாருக்கும் தெரியாத ஒரு அடையாளத்தைக் கேளுங்க, அவருக்கு மட்டும் தெரிஞ்ச கேள்வி ஒண்ணு கேட்டு பதில் வாங்கி வரச் சொல்லுங்க. இப்ப குரலையே கம்ப்யூட்டர்ல செய்யுறானுங்க, வாய்ஸ் மெசேஜ் வந்தா மட்டும் நம்பாதீங்க. சிங்கப்பூர்ல சந்தேகம்னா 1799க்கு அடிங்க, மோசடி பத்திக் கேக்குற ஸ்கேம்ஷீல்ட் நம்பர் அது. ஏமாந்தது வெக்கம்னு நினைச்சு மறைக்காதீங்க, நாங்க மறைச்சோம், அதே ஆளு எங்க தெரிஞ்சவங்க இன்னொருத்தர்கிட்டயும் வாங்கிட்டான்.

வேலைன்னு சொல்லி கூட்டிட்டுப் போய் ரஷ்ய ராணுவத்துல சேத்துட்டாங்க. இப்ப தகவல் இல்ல. என்ன பண்ணலாம்?

2024 மார்ச்ல சிபிஐ இந்த மாதிரி ஆள் கடத்துன ஏஜெண்டுங்க மேல கேஸ் போட்டுச்சு, அதனால இது தனி ஒருத்தர் கதை இல்லன்னு தைரியமா சொல்லலாம். ஏஜெண்டோட சாட், காசு கட்டின ரசீது, டிக்கெட், ஒப்பந்தப் பேப்பர் போட்டோ எல்லாம் சேருங்க, ஊர்ல போலீஸ்ல எழுத்துல புகார் குடுங்க, மாஸ்கோவுல இருக்குற இந்தியத் தூதரகத்துக்கு அதே பேப்பரை அனுப்புங்க. அதோட ரெட் கிராஸ்லயும் பதியுங்க, ரஷ்யா உக்ரைன் போருக்குன்னே 2022 மார்ச்ல ஜெனிவாவுல தனித் தேடல் பிரிவு ஆரம்பிச்சிருக்காங்க.

ரெண்டு நாடு மோதுற போர்ல புடிபட்டா ஜெனிவா ஒப்பந்தப்படி முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள்ள ஒரு கார்டு எழுத விடணும், அது குடும்பத்துக்கும் ஜெனிவாவுக்கும் வரணும். எழுத விடுறாங்களாங்கிறது வேற கதை. உள்நாட்டுப் போர்ல அந்தப் போர்க்கைதி அந்தஸ்தே கிடையாது, இலங்கையில எங்களுக்கு எந்தக் கார்டும் வராததுக்கு அதுவும் ஒரு காரணம்.

நானே டிக்கெட் போட்டு போய் தேடிடவா?

சண்டை நடக்கும்போது வேண்டாம், ரெண்டு பேரைத் தேடுற மாதிரி ஆயிடும். நின்னதுக்கு அப்புறம் போங்க, தனியா போகாதீங்க, பாஷை தெரிஞ்ச ஆள் வேணும்.

டிஎன்ஏ குடுக்கச் சொல்றாங்க. அப்படின்னா ஆள் இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்களா?

இல்ல. கன்னத்து உள்பக்கம் பஞ்சு வைச்சு எடுப்பாங்க, வலி இல்ல. அம்மா, அப்பா, பெத்த பிள்ளைங்களோடது தான் ரொம்ப உதவும், அண்ணன் தம்பியோடது அதுக்கு அடுத்தது. எங்க மாமியார் முதல்ல மாட்டேன்னுட்டாங்க, "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஏன் பிள்ளை இதெல்லாம்"ன்னு.

2014 ஜூன்ல இராக்குல மோசுல்ல 40 இந்தியத் தொழிலாளிங்களைக் கடத்தினாங்க. தப்பிச்சு வந்த ஒருத்தர் மத்தவங்களைக் கொன்னுட்டாங்கன்னு சொன்னாரு, உறுதி இல்லன்னு அரசாங்கம் தேடிக்கிட்டே இருந்துச்சு. 2018 மார்ச்ல தான் பாதுஷ்ங்கிற ஊர்ல புதைச்ச இடத்துல கிடைச்ச உடம்பை ஊர்ல இருந்து அனுப்பின டிஎன்ஏவோட ஒப்பிட்டு 39 பேர்னு சொன்னாங்க. நாலு வருஷம் அந்த வீடுங்க ரெண்டு பேச்சுக்கும் நடுவுல இருந்துச்சு, சொந்தக்காரங்க ரத்தம் குடுத்ததால தான் அது ஒரு முடிவுக்கு வந்துச்சு. அம்மா அப்பாவுக்கு வயசாகுதுன்னா சீக்கிரம் குடுத்து வைங்க.

2009ல காணாம போனவரை இப்பவும் தேட முடியுமா?

முடியும், பதியவும் முடியும். செஞ்சிலுவைக் குழு 1990ல இருந்து இலங்கையில 16,000க்கு மேல விண்ணப்பம் வாங்கியிருக்கு, உங்களோடது அதுல இருக்கான்னு முதல்ல கேளுங்க, அம்மா அப்பவே குடுத்திருக்கலாம். 2016 சட்டப்படி வந்த காணாமல் போனோர் அலுவலகம், ஓஎம்பின்னு சொல்லுவாங்க, அதுக்கு யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, மாத்தறையில கிளை இருக்கு. தாய்மார் நிறைய பேருக்கு அது மேல நம்பிக்கை இல்ல, 2017 பிப்ரவரியில கிளிநொச்சியில ரோட்டோரம் போராட்டத்துல உக்காந்தவங்க "கமிஷன் கமிஷனா சொல்லி அலுத்துப் போச்சு"ங்குறாங்க, அவங்க கோபம் நியாயம். ஆனாலும் நான் பதியச் சொல்லுவேன், நம்பிக்கைக்காக இல்ல, நாளைக்கு ஒரு குழியைத் தோண்டும்போது ஒப்பிட்டுப் பாக்க ஒரு பேராவது இருக்கணுமே.

மரணச் சான்றிதழ் எடுத்தா தான் சொத்து, சிபிஎஃப் (சிங்கப்பூர் சேமநிதி) எல்லாம் நகரும்ங்குறாங்க. எடுக்கலாமா?

இலங்கையில 2016ல இருந்து இறந்துட்டார்னு சொல்லாமலே "காணவில்லை"ன்னு அரசாங்கம் ஒரு சான்றிதழ் குடுக்குது, குடும்பம் சொத்து, உதவித்தொகை விஷயத்தைப் பாக்கலாம், தேடுறது நிக்காது. சிங்கப்பூர்ல அப்படி ஒண்ணு இல்ல, ஏழு வருஷம் தகவலே இல்லன்னா இறந்ததா கோர்ட் எடுத்துக்கலாம். அதுக்கும் நீங்க தேடினதுக்கு ஆதாரம் கேப்பாங்க, அந்த நோட்டு அங்கயும் உதவும். வக்கீலுக்கு காசு இல்லன்னா லீகல் எய்ட் பீரோவுல கேளுங்க.

மனைவி பொட்டு வைக்கலாமா, திவசம் குடுக்கலாமான்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க.

சொந்தக்காரங்களை வாயை மூடச் சொல்லுங்க. அவங்களுக்கு எது தோணுதோ அது. ராத்திரி தாங்க முடியலன்னா 1767க்கு அடிங்க, சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் நம்பர் அது, எந்நேரமும் பேசுவாங்க.

ரெண்டாம் உலகப் போர்ல தாத்தாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு கொண்டு போனான். அவரையும் தேடலாமா?

பட்டாளத்துல இருந்தவர்னா கிராஞ்சி போர் நினைவிடத்துல பாருங்க, உடம்பு கிடைக்காத 24,000 பேருக்கு மேல அங்க சுவர்ல பேர் இருக்கு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட தளத்துல இலவசமா தேடலாம். ஆனா மலாயா தோட்டத்துல இருந்து போன கூலித் தமிழர்னா அந்தச் சுவர்ல இருக்க மாட்டாரு. வெள்ளைக்காரக் கைதிங்களுக்கு லிஸ்ட் இருந்துச்சு, நம்மாளுங்களுக்கு பேரே எழுதல, எத்தனை பேர்னு கூட மதிப்பீடு தான். வீட்டுல வயசானவங்க சொன்னதை ரெக்கார்ட் பண்ணி வைங்க, பெரும்பாலும் அதைத் தவிர வேற பதிவு கிடைக்காது.

வீட்டு போன் நம்பரை மாத்தலாமா?

மாத்தாதீங்க. போனைப் புடுங்கினதுக்கு அப்புறம் மனுஷனுக்கு மனப்பாடமா ஒண்ணோ ரெண்டோ நம்பர் தான் ஞாபகம் இருக்கும், அது பெரும்பாலும் பழைய நம்பர். காணாம போனவரோட சிங்கப்பூர் நம்பர் இருந்தா அதுக்கும் பில் கட்டிக்கிட்டே இருங்க, விட்டா வேற யாருக்காவது போயிடும். எங்க தோ பாயோ வீட்டு லேண்ட்லைன் இன்னும் இருக்கு, இன்ஷூரன்ஸ் விக்கிறவங்களும் ஸ்கேம் காரனுங்களும் தான் அதுல கூப்புடுறாங்க, மாமியார் ஒவ்வொரு தடவையும் ரெண்டாவது ரிங்குக்குள்ள எடுத்துடுவாங்க.